எந்த விளையாட்டுத் தொடக்க விழாவில் ஒரு நாட்டின் பண்பாடு உங்களை மிகவும் கவர்ந்தது?

ஏதென்ஸ் ஒலிம்பிக், 2004 ஆகஸ்ட் 13. பலர் 2008 பெய்ஜிங்கைச் சொல்வார்கள், 2008 பேர் ஒன்றாக மேளம் அடித்ததைப் பார்த்து நானும் அசந்துபோனேன். ஆனால் அது ஆள்பலத்தைப் பார்த்து வந்த பிரமிப்பு. ஏதென்ஸில் ஒரு முகத்தையும் ஓர் உடம்பையும் நிதானமாகப் பார்க்க விட்டார்கள்.

விழாவை இயக்கிய திமித்ரிஸ் பாபையோனு நடன அமைப்பாளர், ஓவியம் படித்தவர். அது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. மைதானத்தின் நடுவில் தண்ணீரை நிரப்பி ஏஜியன் கடலாக்கியிருந்தார். காகிதக் கப்பல் போன்ற படகில் ஒரு சிறுவன் கொடியை அசைத்துக்கொண்டு வருகிறான். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து பிரம்மாண்டமான ஒரு தலை எழுகிறது. கண் இல்லை, வாய் இல்லை, மூக்கு மட்டும்தான். சைக்ளாடிக் தீவுகளில் 4000 ஆண்டுகளுக்கும் முன்னால் செதுக்கிய சிலைகளின் முகம் அது. அந்தத் தலை பிளந்தால் உள்ளே விறைப்பாக நிற்கும் ஓர் இளைஞன் சிலை, அதுவும் பிளந்தால் உள்ளே இன்னொரு உடல், இந்த முறை தசையும் வளைவுமாக நிஜ மனிதனைப் போலவே. கிரேக்கச் சிற்பம் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்பதை ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிட்டார்கள்.

ஆனால் நான் ஏதென்ஸைச் சொல்வதற்குக் காரணம் அதற்குப் பிறகு வந்த க்ளெப்சித்ரா, அதாவது ‘நீர்க்கடிகாரம்’ என்ற ஊர்வலம்தான். சிலைகளாகவும் சுவரோவியங்களாகவும் பானைச் சித்திரங்களாகவும் உடம்பெல்லாம் வண்ணம் பூசிய மனிதர்கள் மேடை வண்டிகளில் மெதுவாகக் கடந்து போகிறார்கள், மேலே காதல் தெய்வம் ஏரோஸ் பறந்துகொண்டே வருகிறான். பாம்பைப் பிடித்த, கிரீட் தீவின் பழைய மினோவன் நாகரிகத்துத் தெய்வம், ஏதென்ஸின் பழங்காலக் கோயில் பார்த்தினன், இடைக்காலத்துப் பைசாந்தியப் பேரரசின் காலம் என்று நகர்ந்த ஊர்வலம் அதோடு நிற்கவில்லை. நம் தோல்பாவைக்கூத்து போன்ற அவர்களுடைய நிழல்பாவை நாயகன் காராகியோசிஸ் வந்தான், ரெபெட்டிகோ பாடகர்கள் வந்தார்கள், ஓபரா பாடகி மரியா காலஸ் வந்தார். ரெபெட்டிகோ என்பது துறைமுகத்து ஏழைகளும் சின்ன ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) வந்த அகதிகளும் பாடி வளர்த்த பாட்டு, 1936க்குப் பிறகு மெடாக்சாஸ் சர்வாதிகார ஆட்சி அதைத் தணிக்கை செய்தது. அப்படி ஒதுக்கிவைத்த பாட்டை, உலகமே பார்க்கும் நாளில், பார்த்தினன் போன அதே வரிசையில் தலைநிமிர்ந்து கொண்டுவந்தார்கள். பழம்பெருமை உள்ள நாடுகள் பழங்காலத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். கிரேக்கர்களுக்கும் அது போதுமாகத்தான் இருந்திருக்கும், அவர்கள் அப்படிச் செய்யவில்லை என்பதில்தான் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

சில நிமிடங்களில் தண்ணீரை வடித்துவிட்டு அதே தரையில் அணிவகுப்பையும் நடத்தினார்கள். நாடுகள் கிரேக்க எழுத்து வரிசைப்படி வந்ததால் கிரேக்கத்தில் ‘அ’வில் தொடங்கும் பெயருள்ள செயின்ட் லூசியாவுக்கு முன்னிடம் கிடைத்தது. நம் கொடியை ஏந்தி வந்தவர் அஞ்சு பாபி ஜார்ஜ்.

விழா யூடியூபில் கிடைக்கிறது. முழுதும் பார்க்க நேரமில்லை என்றால் அந்த ஊர்வலத்தை மட்டுமாவது பாருங்கள், கைபேசியில் வேண்டாம், கொஞ்சம் பெரிய திரையில்.