நாலாவது தடவை

மதிப்பிற்குரிய ஐயா,

திருப்பரங்குன்றத்திலிருந்து எழுதுகிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. லாஸ் ஏஞ்சலீஸ் விமர்சகர் ஜோனதன் கோல்டு எழுதியவற்றை ஒரு வருடமாகத் தேடித்தேடி வாசிக்கிறேன். செல்லோ வாசித்தவர், ராப் பாடகர்களைப் பற்றி எழுதினார், சந்துக்கடைச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதினார். அந்த ஆசையில் நானும் நம் ஊர்க் கடைகளைப் பற்றியும் ஸ்பெஷல் நாடகங்களைப் பற்றியும் எழுதி வருகிறேன். "ரெண்டையும் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள், ஏதாவது ஒன்றைப் பிடி" என்கிறார்கள் நண்பர்கள். எதை விடுவது? கடைகளுக்கு நட்சத்திரம் போடலாமா? புரோட்டாக் கடை பற்றிய என் கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

போன வாரம்தான் கோல்டின் பழைய கட்டுரைகளை மறுபடி எடுத்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

நட்சத்திரம் வேண்டாம். நண்பர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இரண்டையும் ஒருவரே எழுதலாமா என்ற கேள்வி மதுரைக்காரரிடமிருந்து வருவதுதான் எனக்கு வருத்தம். நாக்கில் படுவதற்கும் மனசில் படுவதற்கும் சுவை என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. நாடக அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் இருக்க வேண்டும் என்று அளந்து சொன்ன அதே இளங்கோதான், மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில் கண்ணகி சமைத்த கடைசிச் சாப்பாட்டுக்கு, அடைக்கலம் கொடுத்த மாதரி என்னென்ன கொடுத்தாள் என்றும் எழுதி வைத்தார். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால். வைக்கோல் தீ மூட்டிக் கொடுத்தவள் மாதரியின் மகள் ஐயை. காய் அரிந்து கண்ணகியின் விரல் சிவந்தது, முகம் வியர்த்தது. மேடையைப் பார்த்த கண்தான் அடுப்படியையும் பார்த்திருக்கிறது. அவரிடம் போய் யாரும் ஒன்றை விடச் சொல்லவில்லை.

கோல்டிடம் எனக்குப் பிடித்தது வேறு. இருபது வயதுகளில், பிழைதிருத்துபவராக வேலை பார்த்த காலத்தில், பீக்கோ என்ற நீளமான சாலையில் இருக்கும் எல்லாக் கடைகளிலும் சாப்பிட்டுவிடுவது என்று கிளம்பியவர் அவர். பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள் நடத்தும் கடைகள்தான் அங்கே அதிகம். அந்த மாதிரிக் கடைகளைப் பற்றியெல்லாம் எழுதி, 2007இல் அமெரிக்காவின் பெரிய பத்திரிகைப் பரிசான புலிட்சர் பரிசு வாங்கினார். உணவு விமர்சகர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. 2018இல், 57 வயதில் இறந்துபோனார். ஒரு கடையைப் பற்றி எழுதுவதற்கு முன் நாலைந்து தடவையாவது போவார். அந்த நாலைந்து தடவையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். மேலூர், அழகர்கோவில் பக்கத்துக் கிராமங்களில் எங்கே கோயில் கொடை என்றாலும், எங்கே நாடகம் என்றாலும் சைக்கிளின் பின்னால் என்னை உட்காரவைத்துக் கூட்டிப் போவார். பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். "அதே நாடகந்தானே சித்தப்பா" என்பேன். "அதே நாடகமா? போன வாரம் நாரதர் யாரு, இன்னைக்கு யாரு?" என்பார்.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து. அன்றைக்குத்தான் மேடையில் சந்தித்துக்கொள்வார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதை ஒன்றுதான், அதில் நடக்கிறவர்கள் ராத்திரிக்கு ராத்திரி வேறு.

ஒருநாள் பபூன் வந்து போனதுமே சித்தப்பா என் காதருகே குனிந்தார். "ஆர்மோனியக்காரரு சுதியை ஏத்தி வச்சுட்டாரு. பாவம் அந்தப் புள்ள, தர்க்கத்துக்கு வர்றதுக்குள்ள தொண்டை கம்மிப்போகும் பாரு." ராத்திரி இரண்டரை மணிக்கு, நாரதரோடு தர்க்கம் சூடு பிடித்த நேரத்தில், வள்ளிக்குக் குரல் கம்மியது. அந்த அம்மாள் மேல் ஸ்தாயியைத் தொடாமல் பேச்சிலேயே சமாளித்து நாரதரை மடக்கினார். சித்தப்பா எழுந்து நின்று கைதட்டினார். விடிந்ததும் ரோட்டோரக் கடையில் இட்லி. முதல் விள்ளலை வாயில் வைத்ததும், "மாவு பொங்கின பிறகு தண்ணி விட்டிருக்காங்க, ஆள் கூட்டம் எதிர்பார்க்கல போல" என்றார். கடைக்கார அம்மா சிரித்துவிட்டார், உண்மை அதுதான். ஒரு வரி எழுதாமல் போய்ச் சேர்ந்த மனிதர். நான் பார்த்த விமர்சகர்களில் அவருக்கு மேல் ஒருவர் இல்லை.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஒரே ஒரு தடவை போயிருக்கிறீர்கள். "சால்னா வேற லெவல்" என்கிறீர்கள். எந்த லெவல்? கசகசா அரைத்த கெட்டியா, தேங்காய்ப் பாலா? மிளகுக் காட்டமா, மிளகாய்க் காரமா? எண்ணெய் தெளிந்து நின்றதா? கல்லில் நிற்கிறவருக்கு வயது என்ன, புரோட்டாவை அடித்துப் பிரிக்கும்போது அவர் கை எப்படிப் போகிறது? எதுவும் இல்லை. கடைசிப் பத்தியில், "சுக்கா ஏமாற்றிவிட்டது" என்று தீர்ப்பு. ஒரு ராத்திரி பார்த்துவிட்டு வள்ளி வேஷக்காரருக்குப் பாடத் தெரியாது என்று எழுதுவீர்களா? எழுதக் கூடாது என்று உங்களுக்கே தெரியும். அடுப்பில் நிற்கிறவருக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை?

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகைக்கு வைகையின் வடகரையில் இருந்த ஒரு சின்ன இட்லிக் கடையைப் பற்றி எழுதினேன். ஒரு தடவைதான் போனேன். மாவு புளித்திருந்தது, அதை அப்படியே எழுதினேன். அடையாளமும் சொல்லிவிட்டேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடையில் உட்கார்ந்தேன். பூப்போல இட்லி. கடையில் என்னைத் தவிர ஒருவர்தான். அந்த அக்கா இரண்டாம் தடவை சட்னி ஊற்றும்போது கேட்டார்: "அன்னைக்கு எழுதுனது நீங்கதானே? அன்னைக்குக் கிரைண்டர் ஓடல தம்பி. பக்கத்து வீட்டுல மாவு கடன் வாங்கி ஊத்துனேன்." குரலில் கோபமே இல்லை. காசு வாங்க மாட்டேன் என்று வேறு சொன்னார். அடுத்த வருடம் அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. என்னால்தான் மூடினாரா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சட்னிக் கரண்டி மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நாடகத்தைப் பற்றி நீங்கள் அனுப்பிய பழைய குறிப்புகளில், பின்பாட்டுக்காரர் தன் வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்தில் இருந்த பையனிடம் கொடுத்துவிட்டுத் தாளம் எடுத்த இடம் இருக்கிறதே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பார்க்கத் தெரிந்த ஆள் நீங்கள். அந்தக் கண்ணோடு புரோட்டாக் கடைக்குள் போங்கள்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் மூன்று தடவை போய்விட்டு வாருங்கள். அதில் ஒருநாள் வார நாளாக இருக்கட்டும், ஒருநாள் மழை நாளாக இருக்கட்டும். சுக்காவை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அப்புறம் எழுதி அனுப்புங்கள், முதல் ஆளாக நான் வாசிக்கிறேன்.