11 கட்டத்தோடு நின்ற உபவாசம்: நீதி போய்விடுமா?

கேள்வி: பொறையாறு பக்கம் கிராமம். சர்க்கரை வியாதிக்காரி. லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) 40 நாளும் உபவாசம் இருக்கத் தொடங்கினேன். 11-ம் நாள் உளுந்து வயலில் மயங்கி விழுந்து, அதோடு விட்டுவிட்டேன். விசுவாசம் குறைந்ததால் கர்த்தர் கையை எடுத்துவிட்டார் என்கிறார் ஒரு ஊழியக்காரர். 5,000 ரூபாய் காணிக்கை வைத்தால் விடுதலை ஜெபம் செய்வாராம். பக்கத்து வீட்டுக்குச் சீட்டுப் பணம் 2,000 வேறு பாக்கி. என்ன செய்ய?

பதில்: அம்மா, முதலில் வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போடுங்கள். டாக்டரைக் கேட்காமல் இனி பட்டினி வேண்டாம்.

நாளுக்கு ஒரு கட்டமாகக் குறித்து நீங்கள் அனுப்பிய உபவாச அட்டையைப் பார்த்தேன். 11-வது கட்டத்தில் பேனா அழுத்தி அட்டையே கிழிந்திருக்கிறது. உங்கள் நீதி, அதாவது தேவன் உங்களை நீதிமான் என்று ஏற்பது, அந்த அட்டையில் இல்லை.

நடவுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் கூலி வாங்குகிறீர்கள். அதைத் தருமம் என்று சொன்னால் ஒப்புவீர்களா? உழைத்தவருக்குக் கூலி வரவேண்டிய கடன், கிருபை அல்ல என்று வேதாகமத்தில் ரோமர் 4-ல் அப்போஸ்தலன் பவுலும் சொல்கிறார். தேவன் தருகிற நீதியோ கூலிக் கணக்கில் வருவதில்லை. ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. உடன்படிக்கைக்கு அடையாளமான விருத்தசேதனச் சடங்கு அதற்குக் குறைந்தது 13 ஆண்டுகள் கழித்துத்தான். அப்போது ஆபிரகாமுக்கு வயது 99. மோசேயின் நியாயப்பிரமாணம் கேட்டதே வருஷத்துக்கு ஒரு உபவாச நாள். இயேசு சொன்ன உவமையில், வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசம் இருந்த பரிசேயன் (பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிறவன்) நீதிமானாக வீடு திரும்பவில்லை.

அந்த ஊழியக்காரருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விசுவாசத்தையும் மரக்கால் போட்டு அளந்து, குறைகிற அளவுக்குப் பணம் கேட்கிறவர் தரகர். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடி உங்களுக்குப் பக்கத்து ஊர். 1715-லேயே புதிய ஏற்பாடு முழுவதும் அங்கே தமிழில் அச்சாகிவிட்டது. நீங்களே வாசிக்கலாம், நடுவில் இவர் எதற்கு?

இந்தப் பயத்தைப் பழக்கியதில் சபைகளுக்கும் பங்கு உண்டு. சந்தா பாக்கி என்றால் கல்யாண ஓலை (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டோம், கல்லறையில் இடமில்லை என்கிறோம். 30 வருஷம் குருவாக இருந்தேன்; பாக்கிக் கணக்குக்கு அரை நாள் உட்காருகிற கமிட்டி, வேதபாடத்துக்கு அரை மணி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இன்றும் மனசு ஆறவில்லை.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. சீட்டுப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். விசுவாசம் போதும் என்று அதைத் தள்ள முடியாது. வரி வசூலிக்கிறவனான சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்றான். எப்போது சொன்னான்? இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு. கொடுத்து அவரை வரவழைக்கவில்லை. அவர் வந்ததால் கை தானாகத் திறந்தது. நீங்கள் நாலத்தனை கொடுக்க வேண்டாம், ஏமாற்றி வாங்கியதல்லவே. பட்ட கடனைக் கொடுத்தால் போதும். மொத்தமாக முடியாவிட்டால் உளுந்துக் கூலியில் வாரம் 200 என்று அந்த அம்மாவிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.