மெக்புக் வாங்க நகையை அடகு வைக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். கணினி விஞ்ஞானத்தை ஒரு பாடமாக எடுக்கப்போகிறார். வீட்டில் இருப்பது உயர்தரம் படித்த காலத்தில் பாவித்த விண்டோஸ் 10 மடிக்கணினி. "இனி இது சரிவராது" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். சுவிஸில் இருக்கும் அண்ணா அப்பிளின் மடிக்கணினியான மெக்புக்தான் நல்லது என்கிறார், பாதிப் பணம் தானே தருவதாகவும் சொல்கிறார். அயல்வீட்டுச் சீனியர் மாணவர் ஒருவர் விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறச் சொல்கிறார். மீதிப் பணத்துக்கு நகையை அடகு வைக்கலாமா என்பது தாயின் கேள்வி. பெறுபேறு வந்து இடம் கிடைத்த பல வீடுகளில் இப்போது இதே பேச்சு நடப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். இந்த வருடம் புதிய கணினியே வாங்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. அண்ணா தருவதாகச் சொன்ன பணத்தையும் அடுத்த வருடம் வரை அவரிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள். மகளின் முகம் வாடும் என்று தெரியும். அவருக்கும் சேர்த்துத்தான் காரணங்களை எழுதுகிறேன். இருவரும் ஒன்றாக இருந்து வாசியுங்கள்.

முதலில் கடைக்காரர் சொன்னதைப் பார்ப்போம். அதில் பாதி உண்மை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. அதற்காகக் கணினி நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது. வங்கிக் கணக்கையும் பல்கலைக்கழக மின்னஞ்சலையும் திறக்கிற கணினியை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து. இதற்கு ஒரு தவணை உண்டு: தனிநபர்கள் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீடித்துக்கொள்ளலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கட்டத் தேவையில்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். மகளை இன்றைக்கே பதிவுசெய்யச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 11 இந்தக் கணினியில் ஏறாது என்பதும் சரி. நீங்கள் அனுப்பிய படத்தில் ப்ரொசெசர் 'ஐ5-6200யு' என்று இருக்கிறது. கோட்டுக்குப் பின்னால் வரும் 6 என்ற எண் அது ஆறாம் தலைமுறை என்பதைக் காட்டுகிறது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். சில கடைகளில் குறுக்கு வழியில் 11ஐ ஏற்றித் தருவதாகச் சொல்வார்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லையென மைக்ரோசொஃப்ட்டே அறிவித்திருக்கிறது. எதற்காக மாறுகிறோமோ அதுவே இல்லாமல் போகிறது, சம்மதிக்காதீர்கள்.

ஆனால் "கணினி சரிவராது" என்பது வேறு கதை. அது ஆமைவேகத்தில் ஓடுவதற்குக் காரணம் வயதோ விண்டோஸோ மட்டும் அல்ல. உள்ளே இருப்பது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். ரேம் 4 ஜிபி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் அதே கணினி நம்ப முடியாத அளவுக்கு மாறும். அந்த வயது மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இரண்டையும் மாற்றலாம். மட்டக்களப்பு நகரில் திருத்தும் கடைகளில் அரை நாள் வேலை. ஒரு மெக்புக்கின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகச் சிறியது. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் உங்கள் குடும்பப் படங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் இருக்கும். யூஎஸ்பியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் உறை ஒன்று வாங்கி அதற்குள் போட்டால் பிரதி எடுத்துவைக்க உதவும்.

இனி லினக்ஸ். சீனியர் சொன்னதை நான் வரவேற்கிறேன், அவர் சொன்ன அவசரத்தை மட்டும் ஏற்கவில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது லினக்ஸ். இன்று இணையத்தைத் தாங்குகிற சேர்வர்களில் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது; அன்ட்ரொயிட் தொலைபேசியின் அடியிலும் அதுவே இருக்கிறது; உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ். கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை எங்கே வேலைக்குப் போனாலும் ஒருநாள் அந்தக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே ஆகவேண்டும். முதலாம் ஆண்டிலேயே கை பழகினால் நல்லது. இலவசம் என்பதும் பழைய கணினியில் இலகுவாக ஓடும் என்பதும் உங்களுக்குக் கூடுதல் இலாபம். லினக்ஸ் மின்ட் 22 என்ற பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. மகளின் படிப்புக் காலத்தின் பெரும்பகுதிக்குத் தாங்கும்.

மாறுவதற்கு முன் தொட்டுப்பார்க்க வழி இருக்கிறது. பெற்றோர் பலருக்கு இது தெரியாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மின்ட் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி வரும். இரவு நேர டேட்டாவில் இறக்கிக்கொள்ளுங்கள். ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருள் அதைப் பென்டிரைவில் எழுதிக்கொடுக்கும். எழுதும்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பிறகு கணினியை மூடித் திறக்கும்போது எஃப்12 அல்லது அந்த நிறுவனத்துக்குரிய விசையை அழுத்திப் பென்டிரைவைத் தெரிவுசெய்தால் லினக்ஸ் திரை வரும். உள்ளே இருக்கும் விண்டோஸில் ஒரு கோப்பும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமரா வேலை செய்கிறதா, வீட்டுப் பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். வைஃபைச் சிப் சில வேளை முரண்டுபிடிக்கும். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. தமிழ் தட்டச்சையும் மறக்க வேண்டாம். யூனிகோட் தமிழுக்கு ரெங்கநாதன், தமிழ்99 இரண்டு விசைப்பலகைகளும் லினக்ஸில் சேர்த்துக்கொள்ளக் கூடியவை.

எல்லாம் சரிவந்தால் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் நிறுவட்டும். திறக்கும்போது எது வேண்டுமோ அதைத் தெரிவுசெய்யலாம். நிறுவுவதற்கு முன் முக்கியமான எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்திருக்க வேண்டும். லினக்ஸுக்கு இடம் ஒதுக்க வட்டைப் பிரிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் இரண்டும் போய்விடலாம். நம் பக்கத்து மாரி காலத்தை நம்ப முடியாது, ஆகவே பற்றரியை நிறைய ஏற்றிக்கொண்டு மின் இணைப்பிலும் வைத்தே செய்யவேண்டும். புதிய கணினி உள்ளவர்கள், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கரின் மீட்புச் சாவியையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் தங்கள் சொந்தக் கோப்பையே திறக்க முடியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், வேதனையான விடயம்.

விண்டோஸை ஏன் முழுதாக விட்டுவிடக் கூடாது என்று மகள் கேட்பார். மகள், நாம் வாழும் இடத்தைப் பாருங்கள். பிரதேச செயலகத்திலும் பாடசாலையிலும் அச்சகத்திலும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய ஆவணங்கள் மலைபோல இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். எழுத்துருக் கோப்பை லினக்ஸிலோ மெக்கிலோ ஏற்றினால் எழுத்து வந்துவிடும். ஆனால் வேர்டில் கட்டிய அட்டவணை லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாகப் பாவிக்கும் லிப்ரே ஒஃபிஸில் அரைப் பக்கம் தள்ளி நிற்கும். அதை அந்த அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினால் அவர்களுக்கும் சிக்கல். மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ், போட்டோஷொப் இரண்டையும் லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. விடுமுறையில் பகுதிநேர வேலையோ பயிற்சியோ ஊரில் கிடைத்தால் பெரும்பாலும் இவற்றோடுதான் வேலை செய்வீர்கள். ஜாவா, பைதன், மைஎஸ்கியூஎல், விஎஸ் கோட் ஆகியவை விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி ஓடும். ஆகவே நிரல் எழுதுவதற்கு லினக்ஸ், ஆவணத்துக்கு விண்டோஸ் என்று முதல் வருடத்தை ஓட்டலாம். எது கைக்கு வருகிறது என்று வருட முடிவில் உங்களுக்கே தெரியும்.

மெக்கைப் பற்றி அண்ணா சொன்னது தவறல்ல. 2020 நவம்பரில் அப்பிள் தன் சொந்த எம்1 சிப்போடு மெக்புக் வெளியிட்டதிலிருந்து அதன் வேகமும் பற்றரியும் உண்மையாகவே சிறப்பானவை. களுவாஞ்சிகுடியிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலைக்குப் பஸ் மாறிப் போய்வரும் பிள்ளைக்குப் பாரமில்லாத, நாள் முழுதும் சார்ஜ் நிற்கும் கணினி பெரிய உதவி. ஐபோனுக்கு ஆப் செய்வதென்றால் எக்ஸ்கோட் என்ற அப்பிள் மென்பொருள் வேண்டும். அது மெக்கில் மட்டும்தான் ஓடும். அந்தத் துறைக்குத்தான் போவேன் என்று மூன்றாம் ஆண்டில் மகள் முடிவெடுத்தால் நானே மெக் வாங்கச் சொல்வேன்.

இன்றைக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? வாங்கிய பின் அதில் ரேமோ சேமிப்போ கூட்ட முடியாது. எல்லாம் பலகையோடு ஒட்டியவை. என்ன வேலைக்கு என்று தெரியாமல் இப்போது குறைந்ததை வாங்கினால் மூன்றாம் ஆண்டில் முட்டும். கூடியதை வாங்கினால் நகை போகும். எம் வரிசைச் சிப் உள்ள மெக்கில் விண்டோஸைப் பக்கத்தில் நிறுவவும் முடியாது, ஏனென்றால் அதற்கான பூட் கேம்ப் அவற்றில் இல்லை. பழுதானால் அப்பிளின் சொந்தக் கடை இலங்கையில் கிடையாது. முறையான திருத்தம் என்றால் உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்குப் போய்வர வேண்டிவரும். ஒப்படைத் திகதிக்கு முதல் நாள் திரையில் கோடு விழுந்தால் பிள்ளை என்ன செய்யும்?

மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டாம் கை இன்டெல் மெக்புக் வாங்கவே வாங்காதீர்கள். மெக் ஓஎஸ் 26தான் இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் அப்பிள் அறிவித்துவிட்டது. விற்பவர் தன் அப்பிள் கணக்கிலிருந்து கணினியை விடுவிக்காமல் தந்தால், திறக்கவே முடியாத பூட்டோடு அது உங்கள் கையில் நிற்கும்.

பொறியியல், தொழில்நுட்பப் பீடங்களுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வரி: ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ வேறெங்கோ, சொலிட்வேர்க்ஸ், ரெவிட் போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் தேவைப்பட்டால் அவை விண்டோஸில்தான் ஓடும். அங்கே மெக் பேச்சுக்கே இடமில்லை.

மகளுக்கு இன்னொன்று. விரிவுரை மண்டபத்தில் வெள்ளி நிறக் கணினிகள் வரிசையாக இருக்கும்போது பழைய மடிக்கணினியைத் திறக்கக் கூச்சமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. அதை நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் உங்களை இருத்திக் கேட்பவர் நீங்கள் எழுதிய நிரலைத்தான் திறந்து பார்ப்பார். முதல் வாரத்திலேயே, நிரல்களை இணையத்தில் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு கணக்குத் திறந்து, செய்கிற சின்னப் பயிற்சியைக்கூட அதில் ஏற்றுங்கள். எந்தத் தளத்துக்குப் பிறகு மாறினாலும் உங்கள் வேலை கூடவே வரும், கணினி உடைந்தாலும் தொலையாது. பெரும்பாலான மென்பொருள் நிறுவனங்கள் வேலைக்குச் சேர்ந்ததும் கணினியைத் தாங்களே தருகின்றன. அது எந்தத் தளமாக இருந்தாலும் தயங்காமல் உட்காரும் பிள்ளையைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

அண்ணாவுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். அவருடைய அன்பை மறுக்கவில்லை, ஒரு வருடம் தள்ளிப்போடுகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். அடுத்த வருடம் மகள் தன் தேவையைத் தானே எழுதி அனுப்புவார். அப்போது மெக் என்றே முடிவானால் அவர் கவனிக்க வேண்டியது இரண்டு: நினைவகம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது, விசைப்பலகை அமெரிக்க ஆங்கில அமைப்பாக இருக்கவேண்டும். சுவிஸ் கடை அடுக்கில் இருக்கும் கணினியில் Y, Z எழுத்துகளின் விசைகள் இடம் மாறியிருக்கும், நிரல் எழுத நிமிடத்துக்கு நிமிடம் தேவைப்படும் அடைப்புக்குறிகள் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால்தான் வரும். அப்பிளின் இணையக் கடையில் கட்டளை கொடுக்கும்போது விசைப்பலகையின் மொழியைத் தெரிவுசெய்யலாம். அவசரத்தில் விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.