அரிய பறவைகளைப் படம்பிடிக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அஞ்சல் துறையில் வேலை பார்த்த நாளிலிருந்தே காமிராவும் கையுமாகப் பறவைகளைத் தேடி அலைந்து வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மதுரை வாசகி: ஐயா, பெரிய லென்ஸ் வாங்க வசதியில்லை. தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கு, அம்மா. முதலில் நல்ல இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று போதும். பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம்தான். அதனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் பறவையை நெடுநேரம் பார்த்தே பழகினோம். எங்கே இரை தேடும், எந்தக் கிளைக்குத் திரும்பும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் படம் கைக்கு வந்த மாதிரிதான்.

சென்னை வாசகர்: கொக்கைப் படமெடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறதே?

பின்னணி இருட்டாக இருந்தால் காமிரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, சற்றுக் குறைத்து வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் எடுங்கள்.

கோவை வாசகர்: வால்பாறையில் இருவாச்சிப் பறவையின் (ஹார்ன்பில்) கூட்டைப் படமெடுக்க எப்போது போகலாம்?

கூட்டைத் தேடிப் போகவே வேண்டாம், தம்பி. பெண் பறவை மரப்பொந்துக்குள் நுழைந்து வாசலை எச்சத்தால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவு மட்டுமே மிச்சமிருக்கும். உள்ளே அது பறக்க உதவும் இறகுகளும் உதிர்ந்துவிடும். நினைத்தாலும் பறந்து வர முடியாது. ஆண் பறவைதான் அத்திப் பழங்களைத் தொண்டையில் சுமந்து வந்து, ஒவ்வொன்றாக மேலே எடுத்து, அலகு நுனியில் பிடித்து ஊட்டும். மரத்தடியில் ஆள் நின்றால் அது கிட்டே வராமல் தூரத்துக் கிளையிலேயே காத்திருக்கும். நாம் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே இருப்பவை பட்டினி. எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

அத்தி பழுத்திருக்கும் மரமாகப் பார்த்து, தள்ளி உட்காருங்கள். இருவாச்சி தானாக வரும். வருவதற்கு முன்பே சிறகோசை கேட்கும்; இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. கண்ணுக்குக் குறிவைத்து எடுங்கள்: ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு வெண்மை.

சேலம் வாசகர்: கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

கூடாது. எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக நினைத்து இரையையும் குஞ்சையும் விட்டு ஓடி வரும்.

திருநெல்வேலி வாசகி: கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு எப்போது போவது நல்லது?

மழை பெய்து குளம் நிரம்பிய ஆண்டாக இருந்தால் டிசம்பருக்குப் பிறகு போங்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்கலாம். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி இருக்கட்டும். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். எச்ச நாற்றத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு அவற்றைக் காப்பவர்கள் அவ்வூர் மக்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுக் காமிராவை எடுங்கள்.

ஈரோடு வாசகர்: பாறு கழுகுப் படங்களால் ஏதாவது பயன் உண்டா?

நிச்சயம் உண்டு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது நீலகிரிப் பக்கத்து மோயாற்றுப் பள்ளத்தாக்குதான் அவற்றின் முக்கியமான புகலிடம். வெண்முதுகுப் பாறோ கருங்கழுத்துப் பாறோ கண்ணில் பட்டால் தேதி, இடம், எண்ணிக்கை மூன்றையும் குறித்துப் படத்தோடு வனத்துறையிடம் கொடுங்கள். இணையத்தில் போடும்போது கூடு இருக்கும் இடத்தை மட்டும் எழுதாதீர்கள்.