யாழ்ப்பாணத்து ஊர்க் குளத்தில் திலாப்பியா விடலாமா?

வலிகாமத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அவருடைய ஊர்ச் சனசமூக நிலையத்தினர் குளத்தைத் தூர்வாரி முடித்துவிட்டார்கள், வரும் மாரியில் திலாப்பியாக் குஞ்சுகளை விட்டு நிலையத்துக்கு ஒரு வருமானம் தேடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள், இது சரிவருமா, குளத்துக்கு நல்லதா? ஊர்க் குளங்களைத் திருத்தும் வேலைகளில் பலரோடு சேர்ந்து நின்றவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திலாப்பியா வேண்டாம். வேறு மீன் விடலாம்; அதுவும் குளத்தில் ஆடி மாதம் வரை இடுப்பளவு தண்ணீராவது நிற்கும் என்றால் மட்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கை ஆறும் மாரி மழைக்கு மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேர்ந்துவிடுகிறது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழையைக் குளங்கள் மறித்து வைத்திருக்க, அது மெல்ல மெல்லச் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. எங்கள் கிணறுகள் அந்தப் படையிலிருந்துதான் ஊறுகின்றன. கோட்பாட்டளவில், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை அது உவரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே அந்த உயரம் குறையக் குறைய, கீழிருந்து உவர் அதே விகிதத்தில் ஏறும். ஆகவே ஊர்க் குளத்தின் முதல் வேலை கிணறுகளுக்கு நீர் கொடுப்பது. மீன் அதற்குப் பிறகுதான். சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும், விட்ட மீன் செத்துவிடுமே என்று பக்கத்துக் கிணற்றில் மோட்டர் வைத்துக் குளத்துக்கு இறைப்பதை நான் பார்த்திருக்கிறேன். குளம் கிணற்றுக்குக் கொடுக்க வேண்டியதைக் கிணற்றிலிருந்து பிடுங்கிக் குளத்துக்குக் கொடுக்கும் அந்த வேலையை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். தண்ணீர் இறங்காமல் இருக்க அடியில் பொலித்தீன் விரிப்பதும் அதே வகையைச் சேர்ந்தது.

இனித் திலாப்பியா. மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது 1952 ஆம் ஆண்டில். இயற்கையான பெரிய ஏரிகள் இல்லாத இந்தத் தீவில், நீர்ப்பாசனத்துக்காகக் கட்டிய குளங்களில் வாழப் பழகிய உள்ளூர் மீன்கள் குறைவாகவே இருந்தன. அந்த இடத்தைத் திலாப்பியா நிரப்பியது. இரணைமடு, வவுனிக்குளம் போன்ற வன்னிப் பெருங்குளங்களில் இன்று வலை போடும் குடும்பங்களுக்கும், கடல் மீன் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் அது எவ்வளவு பெரிய கைகொடுப்பு என்பதை மறுப்பதற்கில்லை. 1990 ஆம் ஆண்டில் நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை அரசாங்கம் நிறுத்திக்கொண்டு, 1994 ஆம் ஆண்டில்தான் மறுபடியும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் குஞ்சு வைப்பும் மேற்பார்வையும் நின்றுபோயிருந்தும், தானே பெருகும் திலாப்பியா குளங்களில் நிலைத்து நின்றது. பெருங்குளத்தில் அது நல்ல மீன்தான்.

ஆனால், தானே பெருகும் அந்தக் குணமே சிறு குளத்தில் கேடாக மாறுகிறது. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்க வைத்து, பொரித்த குஞ்சுகளையும் ஆபத்து வந்தால் வாய்க்குள் வாங்கிக் காக்கும். ஆகவே குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிவிடும். இரண்டு மூன்று பரப்பு (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) அளவுள்ள குளத்தில் இப்படிப் பெருகினால் தீனி போதாமல் எல்லாம் விரலளவில் நின்றுவிடும். உள்ளங்கையளவு மீனுக்குக்கூடச் சந்தையில் யாரும் விலை கேட்பதில்லை. இன்னொன்று, மொசாம்பிக் திலாப்பியா உவர்நீரையும் தாங்கும். மாரியில் குளம் நிரம்பி வழியும்போது அது வாய்க்கால் வழியே அடுத்த குளத்துக்கும், அங்கிருந்து கடல்நீரேரிக்கும் போய்ச்சேரும். போன பிறகு திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. உலகில் மிக மோசமாகப் பரவும் அந்நிய உயிரினங்கள் நூறின் பட்டியலில் இந்த மீனின் பெயரும் இருக்கிறது. (வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அலுத்துப்போன மீன்களைக் குளத்தில் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் அந்தக் கறுத்த மீன் இலங்கையின் நீர்நிலைகள் பலவற்றில் இப்போது பெருந்தொல்லையாகி நிற்கிறது.)

குஞ்சு விடுவதற்கு முன், குளத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மாரி தொடங்கிச் சில வாரங்களில், கரையோரப் புல்லுக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் சேர்ந்து மேலெழுந்து மேலெழுந்து மூச்சு வாங்குவது தெரியும். அவை விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அதற்குக் கீழேயே காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் காவல் மீன் பாய்ந்து வந்து கவ்வும் என்று தெரிந்தே சிலர் போடுகிறார்கள்; ஒரு விரால் கறிச்சட்டிக்குப் போக, அதன் குஞ்சுக் கூட்டம் முழுவதையும் மற்ற மீன்களும் கொக்குகளும் தின்று தீர்த்துவிடும். ஐப்பசி முதல் தை வரை விரால் பிடிப்பதில்லை என்று ஊர்க் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தால், காசு கொடுத்து வாங்கி விடும் குஞ்சை விட அது கூடுதலான மீனைத் தரும் என்பது என் உறுதியான எண்ணம். விராலும் சுங்கானும் காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. குளம் வற்றினால் விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து அடுத்த மழைக்கு எழும்பும். எங்கள் வரட்சிக்கு ஏற்றபடி வாழக் கற்ற மீன்கள் இவை. இவற்றோடு நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் சின்னஞ்சிறு மீன்களும் கரையோரத்தில் இருக்கும். விற்பனைக்கு உதவாத அவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

வருமானம் வேண்டுமென்றால் ரோகு, கட்லா, மிரிகால் ஆகிய இந்தியக் கெண்டைகளை நாடலாம். இவை ஓடும் வெள்ளத்தில் மட்டுமே முட்டையிடும். தேங்கிய குளத்தில் இனம்பெருக்குவதில்லை. தம்புள்ளை, உடவளவை போன்ற இடங்களில் உள்ள பொரிப்பகங்களில் ஓமோன் ஊசி போட்டுத்தான் இவற்றைப் பொரிக்க வைக்கிறார்கள். விட்டதை விட ஒரு மீன்கூட அதிகமாகாது என்பதால் கணக்கு உங்கள் கையில் இருக்கும். நன்னீர் இறாலும் இப்படித்தான். அதன் இளம் பருவத்துக்கு உவர்நீர் வேண்டும் என்பதால் குளத்தில் அது பெருகாது. சாதாரண கெண்டை மட்டும் வேண்டாம்; அது அடிமண்ணைக் கிண்டித் தண்ணீரை எப்போதும் கலங்கலாக்கி, அல்லியையும் தாமரையையும் வேரோடு பெயர்த்துவிடும். மார்கழி கடைசியிலோ தையிலோ விரல் நீளக் குஞ்சுகளை விட்டால் ஆடியில் பிடிக்கலாம். பங்குனியிலேயே வற்றிவிடும் குளமானால் குஞ்சுக்குச் செலவழிக்கும் காசை வாய்க்கால் துப்பரவுக்குச் செலவழிப்பது மேல்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மீன் சாகும்போது எல்லோரும் யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. வெங்காயத் தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும், மலசலகூடக் குழிகளின் கசிவும், குளத்தில் கொட்டும் கோழிக்கழிவும் பாசிக்கு உரமாகின்றன. பாசி பகலில் ஒட்சிசனைக் கொடுத்தாலும் இரவில் அதை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். முகில் மூடிய நாட்கள் தொடர்ந்து வந்தால் பகலிலும் போதிய ஒட்சிசன் சேராது. லீற்றருக்கு 2, 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டைகள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். விரால் மட்டும் ஒன்றும் நடவாததுபோல் நிற்கும். விரால் உயிரோடிருக்க மற்றவை விடியலில் செத்து மிதந்தால் ஒட்சிசன் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதை முன்கூட்டியே அறியக் கருவி தேவையில்லை. கையை நேராக நீருக்குள் விட்டு, முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்துபோனால், அந்தப் பச்சை அளவுக்கு மிஞ்சிவிட்டது. தீனி போடுவதையும் சாணம் கரைப்பதையும் உடனே நிறுத்த வேண்டும். இந்த உரத்திலும் கழிவிலும் இருந்து உண்டாகும் நைத்திரேற்றுதான் கிணற்றுக்குள்ளும் இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை; வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு தாண்டியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் கற்பிக்கும் துறை ஒன்று உண்டு. குளத்து நீரைப் பரிசோதிப்பது பற்றி அங்கே கேட்டுப்பாருங்கள்.

தூர்வாரி முடித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். இயந்திரத்தை விட்டு எல்லா இடத்தையும் ஒரே ஆழமாக வெட்டி, கரையைச் செங்குத்தாக்கியிருந்தால், மீன் விடுவதற்கு முன் ஒரு பக்கத்தையாவது சரிவாகத் திருத்துங்கள். முழங்கால் ஆழத்துக் கரையோரப் புல்லில்தான் முட்டையும் குஞ்சும் தங்கும். செங்குத்துக் கரையிலும் சீமெந்துச் சுவரிலும் அவற்றுக்கு இடமில்லை, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் வழியில்லை. மாறாக, நடுவில் ஒரு மடு ஆழமாக இருக்கட்டும். ஆனால் அடியில் உள்ள களிப் படையை ஊடறுத்துச் சுண்ணக்கல் தெரிய வெட்டினால் மாரித் தண்ணீர் சில வாரங்களிலேயே காணாமற் போகும்.

குளம் கோயிலுக்கு உரியதா, பிரதேச சபைக்கா, கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கா என்று முதலில் உறுதிப்படுத்தி எழுத்தில் அனுமதி பெறுங்கள். பிறகு தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலரைக் கூப்பிட்டுக் குளத்தைக் காட்டுங்கள். குஞ்சு அவர்கள் மூலமே வரட்டும், தெரியாத வியாபாரியிடம் வாங்கினால் பைக்குள் திலாப்பியாவும் கலந்து வரக்கூடும். பிடிக்கும்போது 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலையைக் குளத்தில் இறக்க விடாதீர்கள். நன்னீர் மீன்பிடி ஒழுங்குவிதியும் அதைத்தான் சொல்கிறது. கெண்டையைப் பிடித்து விற்று முடிந்ததும், மடுவில் மிஞ்சி நிற்கும் விராலையும் சுங்கானையும் சிறு மீன்களையும் அள்ளாமல் அடுத்த மாரிக்கு விட்டுவிடுங்கள்.