ஈசாப்பை நம்பிச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாமா?

நண்பரே, 14 லட்சம் சம்பள வேலையை விட்டுவிட்டு, 9 லட்சமும் 10,000 ஈசாப்பும் தரும் ஸ்டார்ட்அப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈசாப் என்பது, நிறுவனத்தின் பங்குகளை முன்பே குறித்த விலையில் பின்னாளில் வாங்க ஊழியருக்குத் தரும் உரிமை.

அந்த 10,000-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 10 லட்சம் என்றால் உங்களுடையது 1 சதவீதம். 10 கோடி என்றால் வெறும் 0.01 சதவீதம். என் முதல் ஆஃபர் லெட்டரில் பங்கு எண்ணிக்கை தடித்த எழுத்தில் இருந்தது. மொத்தம் எத்தனை என்பது எங்குமே இல்லை. கேட்கக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் கட்டாயம் கேளுங்கள், அதுவும் மின்னஞ்சலில்.

அப்புறம் வரி. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரூ.10 வீதம் 2,000 பங்குகளை வாங்கும் நாளில் ஒன்றின் மதிப்பு ரூ.300 என்றால், வித்தியாசம் 5.8 லட்சம் உங்கள் சம்பள வருமானத்தில் சேரும். ஒரு பங்கைக்கூட விற்காமலே வரி கட்ட வேண்டும். அரசின் தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களில் மட்டும் அதைத் தள்ளிப்போடலாம். சான்று இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

முதல் ஓராண்டுக்குச் சட்டப்படி எதுவும் வெஸ்ட் ஆகாது, அதாவது பங்கை வாங்கும் உரிமை உங்கள் கைக்கு வராது. வேலையை விட்டபின் பங்கை வாங்க எத்தனை நாள் அவகாசம் என்றும் பாருங்கள். பல இடங்களில் 90 நாள்தான்.

2021-இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃபிரெஷ்வொர்க்ஸ், அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் உங்கள் வீட்டுக் கடன் மாதாமாதம் வருகிறது. 9 லட்சத்தில் குடும்பம் ஓடுமா? ஓடும் என்றால் தைரியமாகச் சேருங்கள். இழுபறி என்றால், ஈசாப்பில் பாதியை விட்டுக்கொடுத்துச் சம்பளத்தை 11 லட்சமாக்கக் கேட்டுப் பாருங்கள்.