சொப்ட்வெயர் வாங்கியாச்சு, இனி ஆர் பார்க்கிறது? – கேள்வி பதில்

திருகோணமலையில கடை, விடுதி, நூலகம் நடத்துற ஆக்கள் கேட்டதுகள் இவை. இந்தத் தொழிலிலயே நிக்கிறவன் எண்ட முறையில தெரிஞ்சதைச் சொல்லுறன்.

இரும்புக்கடை, மத்திய வீதி: அண்ணை, பில் போடுற சொப்ட்வெயரை மொத்தமாக் காசு கட்டி வாங்கினன். இப்ப வருசப் பராமரிப்புக் காசைக் கூட்டிப்போட்டு, கட்டாட்டிப் பாவிக்க ஏலாது எண்டு கொம்பனிக்காரர் சொல்லினம். சரியோ?

தம்பி, முதல்ல ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கோ. நிரந்தர உரிமம் எண்டு இருந்தா, பாவிக்கிற உரிமை வேற, பராமரிப்பு வேற. பராமரிப்பை நிப்பாட்டினா வழக்கமா புதுப் பதிப்பும் போன் உதவியும்தான் நிக்கும். கடையில ஓடுறது ஓடவேணும். வருசச் சந்தா எண்டா அவை சொல்லுறது சரி. ஒண்டைக் கவனியுங்கோ: கொம்பியூட்டர் மாத்தினா திரும்ப அக்டிவேட் பண்ண அவையிட்டத்தான் போகவேண்டி வரலாம். பராமரிப்பு இல்லாட்டியும் அதைச் செய்து தருவினமோ எண்டு இப்பவே எழுத்தில கேளுங்கோ.

அதே கடைக்காரர்: அப்ப ஊர்ப் பெடியன் ஒருத்தரைப் பார்க்கச் சொல்லலாமோ?

பிரிண்டர், நெட்வேர்க், பெக்கப் எல்லாம் தாராளமாப் பார்க்கலாம். மூலநிரல், அதாவது சொப்ட்வெயரை எழுதின நிரல் வரிகள், வெளியாக்களுக்கு மூடியிருந்தா உள்ளுக்க இருக்கிற பிழையை அவரால திருத்த ஏலாது. பிரதி எடுக்கிறதிலயும் கவனம் வேணும். அமெரிக்காவில ரிமினி ஸ்ட்ரீட் எண்ட கொம்பனி, ஒரக்கிள் எண்ட பெரிய மென்பொருள் கொம்பனியின்ர மென்பொருளுக்குக் குறைஞ்ச விலையில பராமரிப்புக் குடுத்தது. ஒரக்கிள் 2010இல வழக்குப் போட்டுது. 2015இல யூரிகள் பதிப்புரிமை மீறல் எண்டு முடிவு சொல்லிச்சினம். ஆனா 2018இல மேன்முறையீட்டு நீதிமன்றம், வெளியாள் பராமரிப்புக் குடுக்கிறது சட்டத்துக்கு உட்பட்ட போட்டிதான் எண்டு எழுதினது. பிழை பிரதிகளைக் கையாண்ட விதத்திலதான். எங்கட நாட்டிலயும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலைப் பாதுகாக்குது. அந்தப் பெடியன் உங்கட கொம்பியூட்டரில இருந்தே வேலை செய்யட்டும், தன்ர லப்டொப்புக்குப் பிரதி கொண்டுபோகவேண்டாம்.

நூலகப் பொறுப்பாளர், மூதூர்: நூலகம் நடத்துற கோஹா மென்பொருள் இலவசம் எண்டுறியள். பழுதானா ஆரைக் கூப்பிடுறது?

ஐயா, எனக்கு ஆகப் பிடிச்ச உதாரணமே கோஹாதான். நியூசிலாந்தில ஹொரோவெனுவா எண்ட இடத்து நூலகத்தின்ர பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுத் திகதியைத் தாங்காது எண்டு வர, கட்டிப்போ எண்ட கொம்பனியைக் கொண்டு புதுசாச் செய்விச்சு, ஆரும் பாவிக்கலாம், மாத்தலாம், பகிரலாம் எண்ட ஜிபிஎல் உரிமத்தில எல்லாருக்கும் விட்டினம். கட்டிப்போ தன்ர கோஹாப் பிரிவை 2007இல லிப்லைம் எண்ட கொம்பனிக்கு வித்தது. லிப்லைமை 2010இல இன்னொரு கொம்பனி வாங்கினது. மூடின மென்பொருள் எண்டா நூலகங்களும் அந்தந்தக் கைக்குப் பின்னால போகவேண்டி வந்திருக்கும். இங்க அப்பிடி நடக்கேல்ல. மூலநிரல் எல்லாரிட்டயும் இருந்தபடியால, பிடிக்காத நூலகங்கள் வேற கொம்பனிகளிட்ட மாறிச்சினம். மென்பொருள் இண்டைக்கும் வளருது. இலவசம் எண்டது உரிமத்துக்குத்தான், ஆளின்ர கூலிக்கு இல்லை. வருசச் செலவில அதுக்கு ஒரு தொகை ஒதுக்கி வையுங்கோ.

விடுதி நடத்துறவ, உப்புவெளி: எங்கட சொப்ட்வெயரைப் பார்க்கிற ஆளை மாத்தப்போறன் எண்ட உடன, அவர் டேட்டாவைத் தரமாட்டன் எண்டுறார்.

அக்கா, விருந்தாளிகளின்ர பதிவு உங்கட தொழிலின்ர கணக்கு. ஒப்பந்தத்தில அதைப்பற்றி என்ன இருக்கெண்டு பார்த்து, கடிதம் போட்டுக் கேளுங்கோ. அடுத்த ஆளோட சேரமுந்தி ஒரு சோதனை செய்யுங்கோ. பெக்கப்பைப் பென்டிரைவில எடுத்து, வேற ஒரு கொம்பியூட்டரில ஏத்தி, போன மாத பில் ஒண்டைத் திறந்து பாருங்கோ. திறக்காட்டி அது பெக்கப் இல்லை. அட்மின் பாஸ்வேட் உங்கட கையில இருக்கவேணும். விடுதியின்ர இணையத்தளப் பெயர் (டொமைன்) ஆற்றை ஈமெயிலில பதிஞ்சிருக்கு எண்டும் பாருங்கோ. கனபேர் மாட்டுறது அதிலதான்.

கிண்ணியா வியாபாரி: வியாபாரக் கணக்கு, இருப்பு எல்லாம் பார்க்கிற ஓடூ மென்பொருள் திறந்த மூலம்தானே, மூலநிரல் எல்லாருக்கும் கிடைக்கும்தானே?

இலவசமான கொம்யூனிட்டிப் பதிப்பு ஓம், காசு கட்டுற எண்டர்பிரைஸ் பதிப்பு இல்லை. விலைப்பத்திரத்தில எது எண்டு எழுதுவியுங்கோ.

கணினி படிக்கிற பிள்ளை, நிலாவெளி: சேர், மூலநிரலைக் குடுத்திட்டு எப்பிடி உழைக்கிறது?

ஜிபிஎல் காசு வாங்கத் தடையில்லை, பிள்ளை. 2004 சுனாமி எங்கட கரையை அடிச்ச கையோட, காணாமல்போன ஆக்களையும் முகாம்களையும் பதிய இலங்கைத் தொண்டர்கள் எழுதின சஹானா எண்ட மென்பொருளை, அடுத்த வருசம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில பாவிச்சினம். மூலநிரல் திறந்திருந்தபடியால ஆரிட்டையும் அனுமதி கேட்கத் தேவையிருக்கேல்ல. உங்கட ஊர்க் கடையளுக்கும் அந்த மாதிரி நிறுவிக் குடுங்கோ, தமிழில திரையை மாத்திக் குடுங்கோ, பழக்கிக் குடுங்கோ. அதுக்கு மணித்தியாலக் கணக்கில பில் எழுதுங்கோ.